முன்பாரம், பின்பாரம்

(இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் துறை)



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு நோட்டீஸ் போர்டில் ஒட்டியதும் எங்கள் வகுப்பில் பாதிப் பேர் காதலைப் பற்றிக் கவிதை எழுத உட்கார்ந்துவிட்டார்கள். மீதிப் பேருக்கு நட்பு, அம்மா, மெஸ் சாம்பார். எனக்கு இதெல்லாம் வராது. வண்டி வரும். எனவே வண்டியைப் பற்றியே எழுதிவிடுகிறேன்.

'காரின் அமைப்பு வகைகளை விவரி' என்று ஒரு கேள்வி பரீட்சையில் வரும். நாமும் நாலு பெட்டி வரைவோம், ஒவ்வொரு பெட்டிக்கும் நாலு வட்டம் போடுவோம், எப்.ஆர்., எப்.எப்., ஆர்.ஆர்., போர் வீல் என்று பெயர் எழுதி அடுத்த கேள்விக்குப் போய்விடுவோம். மார்க்கும் விழுந்துவிடும். ஆனால் நண்பர்களே, அந்த நாலு பெட்டிகளையும் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். அந்த வண்டியில் யார் உட்காரப் போகிறார்கள், மூட்டையை எங்கே வைப்பார்கள், மழையில் மேடு ஏறுமா, விலை எவ்வளவு ஆகும் - இத்தனைக்கும் பதில் அந்தச் சின்னப் பெட்டிக்குள் இருக்கிறது.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைத் தாண்டி வந்த முதல் ஆள் நான். தாத்தா மாட்டு வண்டி ஓட்டியவர். அப்பா காய்கறி மார்க்கெட்டில் கைவண்டி இழுக்கிறார். அவர்கள் வாயிலிருந்து சின்ன வயதிலேயே கேட்டுப் பழகிய வார்த்தைகள் முன்பாரம், பின்பாரம். முன்பாரம் கூடினால் மாட்டின் கழுத்து புண்ணாகும். பின்பாரம் கூடினால் நுகத்தடி மேலே தூக்கும், மாடு இழுக்க முடியாமல் நிற்கும். இரண்டுக்கும் நடுவே பாரத்தை நிறுத்தத் தெரிந்தவன்தான் வண்டிக்காரன். உலகத்துக் கார் கம்பெனிகள் எல்லாம் நூறு வருஷத்துக்கு மேலாக மண்டையை உடைத்துக்கொள்வதும் இந்த இரண்டு வார்த்தைகளுக்காகத்தான் என்று சொன்னால் நம்புவீர்களா? படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

கேள்விகள் மொத்தம் இரண்டே இரண்டு. என்ஜின் எங்கே இருக்கிறது? எந்தச் சக்கரம் வண்டியை நகர்த்துகிறது?

1886-ல் ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் செய்த மூன்று சக்கர வண்டியில் என்ஜின் பின்னால் இருந்தது, பின் சக்கரமே ஓட்டியது. குதிரையை அவிழ்த்துவிட்டு, சீட்டுக்குப் பின்னால் ஒரு என்ஜினைக் கட்டிய மாதிரி. 1891-ல் பிரான்சில் பனார் லெவாசோர் கம்பெனியின் எமீல் லெவாசோர் அதை மாற்றி, என்ஜினை முன்னால் கொண்டுவந்தார். முதலில் என்ஜின், அதற்குப் பின்னால் கிளட்ச், கியர் பாக்ஸ், கடைசியில் பின் சக்கரம் என்று வரிசையாக அடுக்கினார். இதுதான் நாம் எப்.ஆர். என்று எழுதுகிற அமைப்புக்கு மூத்த பாட்டன். அதற்குப் பிறகு ரொம்ப காலத்துக்கு உலகத்தில் பெரும்பாலான கார்கள் இப்படித்தான் வந்தன.

நம் ஊரில் இதற்கு உதாரணம் தேட வேண்டியதே இல்லை. அம்பாசடர்! இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரிலிருந்து பிறந்து, மேற்கு வங்காளத்தின் உத்தர்பாராவில் 2014 வரை தயாரானது. என்ஜின் முன்னால். அங்கிருந்து புரொப்பெல்லர் ஷாப்ட் காரின் வயிற்றுக்கு அடியில் நீளமாக ஓடி, பின்னால் டிபரன்ஷியலில் போய்ச் சேரும். அந்த ஷாப்டுக்கு இடம்விட்டுத்தான் தரையின் நடுவில் ஒரு மேடு. கல்யாணத்துக்கு அம்பாசடரில் போன குடும்பங்களைக் கேட்டுப் பாருங்கள். பின் சீட்டின் நடுவில், அந்த மேட்டின் மேல் காலை மடக்கி வைத்து உட்கார்ந்தவர் யார்? எல்லா வீட்டிலும் கடைக்குட்டிதான்!

ஆனால் அந்த மேட்டுக்குக் கொடுத்த விலை வீண்போகவில்லை. எப்.ஆர். வண்டியில் வேலை பிரிந்திருக்கிறது. முன் சக்கரம் திரும்புவதை மட்டும் பார்த்துக்கொள்ளும், பின் சக்கரம் தள்ளுவதை மட்டும் பார்த்துக்கொள்ளும். பின்னால் ஆள் ஏற ஏற, டிக்கியில் சாமான் ஏற ஏற, தள்ளுகிற சக்கரத்தின் மேல் பாரம் கூடுகிறது. பாரம் கூடினால் பிடிப்பும் கூடும். உராய்வு விசை செங்குத்து விசையைப் பொறுத்தது என்று முதல் வருஷத்திலேயே படித்தோமே! எட்டுப் பேரையும் பெட்டி படுக்கையையும் அடைத்துக்கொண்டு அம்பாசடர் மலை ஏறியது இதனால்தான். இன்றைக்கும் லாரி, பஸ் எல்லாம் பின் சக்கரத்தால் ஓடுவதற்கும் இதுதான் காரணம்.

சரி, அப்படியானால் இன்றைய சின்னக் கார்கள் ஏன் முன் சக்கரத்தால் ஓடுகின்றன?

இடத்துக்காக! என்ஜினும் கியர் பாக்ஸும் டிபரன்ஷியலும் ஒரே மூட்டையாக முன்னாலேயே இருந்துவிட்டால் நடுவில் ஷாப்ட் வேண்டாம், மேடும் வேண்டாம். சொல்ல எளிது. ஆனால் முன் சக்கரம் திரும்பவும் வேண்டும், அதே நேரத்தில் சக்தியையும் வாங்க வேண்டும். சாதாரண யுனிவர்சல் ஜாயிண்டை வளைத்து ஓட்டினால், உள்ளே போகிற வேகம் சீராக இருந்தாலும் வெளியே வருகிற வேகம் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தடவை கூடிக் குறையும். ஸ்டியரிங் உதறும். வளைந்தாலும் வேகம் மாறாமல் கொடுக்கிற ஜாயிண்ட் தேவைப்பட்டது. 1920-களில் ஆல்பிரட் ரெசெப்பா உருவாக்கிய குண்டு வைத்த சி.வி. ஜாயிண்ட் அந்த வேலையைச் செய்தது. நம் லேபில் கிரீஸ் பூசிக் கிடக்கிறதே, அதே வகை உருப்படிதான். அடுத்த தடவை கையில் எடுக்கும்போது கொஞ்சம் மரியாதையோடு எடுங்கள்.

1934-ல் பிரான்சில் சிட்ரோயன் கம்பெனி டிராக்‌ஷன் அவாந் என்ற முன் சக்கர இயக்கக் காரைப் பெரிய அளவில் தயாரித்தது. கார் புகழ் பெற்றது. ஆனால் கம்பெனி அதே வருஷம் திவாலாகி மிஷலின் டயர்காரர்கள் கைக்குப் போனது. 1959-ல் இங்கிலாந்தில் அலெக் இசிகோனிஸ் மினி காரைக் கொண்டுவந்தார். அவர் செய்த வேலையைப் பாருங்கள். 848 சி.சி. என்ஜினை நீளவாக்கில் வைக்காமல் குறுக்காகத் திருப்பி வைத்தார். கியர் பாக்ஸை என்ஜினுக்கு அடியில், ஆயில் இருக்கிற சம்ப்பிலேயே நுழைத்தார். மொத்தக் காரின் நீளமே 10 அடி! அதில் ஏறக்குறைய எண்பது சதவீதம் ஆட்களுக்கும் சாமானுக்கும். பிறகு இத்தாலியில் பியட்டின் டாண்டே ஜியாகோசா இன்னொரு வழி கண்டார். கியர் பாக்ஸை என்ஜினின் பக்கவாட்டிலேயே ஒட்டவைத்து, ஒரு பக்கம் நீளமான ஷாப்ட், மறுபக்கம் குட்டையான ஷாப்ட் கொடுத்தார். 1964-ல் ஆட்டோபியாங்கி பிரிமுலா, 1969-ல் பியட் 128. இன்று நம் தெருவில் நிற்கிற சின்னக் கார்களில் பெரும்பாலானவை இந்த ஏற்பாட்டின் பிள்ளைகள்தான். 1983 டிசம்பரில் வந்த மாருதி 800 இதை நம் நாட்டில் சாதாரணக் குடும்பத்து வாசலுக்குக் கொண்டுவந்தது. மூன்று சிலிண்டர், 796 சி.சி., குறுக்காகப் படுத்த என்ஜின். கடைக்குட்டிக்கு ஒருவழியாகக் காலை நீட்ட இடம் கிடைத்தது.

இடம் சும்மா கிடைக்குமா? இங்கேதான் எங்கப்பாவின் கைவண்டிக்கு வருகிறேன்.

பாரம் அதிகமானால் கைவண்டிக்கு இரண்டு ஆள். அப்பா முன்னால் நின்று இழுப்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் பின்னால் தள்ளுவது நான். முன்னால் இருப்பவருக்கு இரட்டை வேலை. இழுக்கவும் வேண்டும், வழியும் திருப்ப வேண்டும். வளைவில் அவரால் முழு பலத்தோடு இழுக்க முடியாது, பாதி பலம் வண்டியை ஒடிப்பதிலேயே போய்விடும். எப்.எப். காரின் முன் டயர் நிலைமையும் இதுதான். ஒரு டயருக்கு இருக்கிற மொத்தப் பிடிப்பு ஓர் அளவுதான். அதில் இழுப்புக்குக் கொஞ்சம் கொடுத்தால், திரும்புவதற்கு மீதிதான். வளைவில் ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் எப்.எப். கார் திரும்ப மறுத்து வெளிப்பக்கமாக விலகிப் போகப் பார்ப்பது இதனால்.

இன்னொன்றையும் அப்பா சொல்வார். மார்க்கெட்டின் வடக்கு வாசலில் ஒரு மேடு உண்டு. அதற்கு முன்னால் வண்டியை நிறுத்தி, "ஏத்தத்துல பின்பாரம் தானா வரும்டா. ரெண்டு மூட்டையை முன்னாடி நகத்திப் போடு" என்பார். நம் புத்தகத்தில் இதற்குப் பெயர் வெயிட் டிரான்ஸ்பர். 1000 கிலோ கார், வீல்பேஸ் 2.5 மீட்டர், ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 0.5 மீட்டர் என்று கணக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள். புவியீர்ப்பு முடுக்கத்தில் 0.3 பங்கு முடுக்கத்தோடு கிளம்பினால், 1000 × 0.3 × 0.5 ÷ 2.5 = 60 கிலோ. அவ்வளவு பாரம் முன்னாலிருந்து பின்னால் போகும். மேட்டில் ஏறும்போதும் இதே கணக்குத்தான், 0.3-க்குப் பதில் மேட்டின் சாய்வைப் போட்டால் போதும். அதாவது, இழுக்க வேண்டிய நேரத்தில் எப்.எப். காரின் முன் சக்கரம் பாரத்தை இழக்கிறது. பின் சக்கரத்தால் ஓடுகிற வண்டிக்கோ அதே நேரத்தில் பாரம் கூடுகிறது. அப்பாவின் இரண்டு மூட்டைக்கும் நம் சூத்திரத்துக்கும் நடுவே ஒரு சமக்குறிதான் வித்தியாசம்.

மூன்றாவது பெட்டி ஆர்.ஆர். என்ஜினும் பின்னால், ஓட்டும் சக்கரமும் பின்னால். ஷாப்டும் வேண்டாம், திரும்புகிற சக்கரத்துக்கு சி.வி. ஜாயிண்டும் வேண்டாம். மலிவு! பாரமெல்லாம் ஓட்டும் சக்கரத்தின் மேலேயே இருப்பதால் மேட்டில் பிடிப்பும் நன்றாக இருக்கும். போக்ஸ்வேகன் பீட்டில் இப்படித்தான் உலகத்தைச் சுற்றியது, 2003-ல் மெக்சிகோவில் கடைசிக் கார் இறங்கும் வரை. ஆனால் பின்பாரம் கூடிய வண்டி வளைவில் என்ன செய்யும்? பின்பக்கம் வெளியே வீசும். அமெரிக்காவில் 1960 மாடலாக வந்த செவர்லே கார்வேர் பின் என்ஜின் கார்தான். அதன் ஆரம்ப கால ஸ்விங் ஆக்ஸில் சஸ்பென்ஷனை 1965-ல் ரால்ப் நேடர் தன் புத்தகத்தில் கடுமையாகத் தாக்கினார். அதே பின் என்ஜினை வைத்துக்கொண்டு போர்ஷே 911 மட்டும் 1964-லிருந்து இன்று வரை ஓடுகிறது. டயரிலும் சஸ்பென்ஷனிலும் அவர்கள் வருஷா வருஷம் உழைத்தார்கள். ஆக, அமைப்பில் நல்லது கெட்டது இல்லை. எதற்கு எதை விட்டுக்கொடுத்தோம் என்பதும், விட்டுக்கொடுத்ததை எப்படிச் சரிக்கட்டினோம் என்பதும்தான் இருக்கிறது.

நம் நாட்டில் டாடா நானோ இதே வழியில் வந்தது. 2008-ல் டெல்லி கண்காட்சியில் காட்டினார்கள், 2009-ல் விற்பனைக்கு வந்தது. இரண்டு சிலிண்டர், 624 சி.சி., என்ஜின் பின் சீட்டுக்குப் பின்னால். ஸ்கூட்டரில் நாலு பேராகப் போகிற குடும்பத்துக்கு ஒரு லட்ச ரூபாயில் கார் என்பது நோக்கம். சின்ன உடம்புக்குள் நாலு பேர் தாராளமாக உட்கார்ந்தார்கள். ஆனால் என்ஜின் பின்னால் இடம் பிடித்ததால் சாமானுக்கு இடம் குறைந்தது. ஆரம்பத்தில் பின்பக்கம் திறக்கும் கதவே கிடையாது, 2015-ல்தான் வந்தது. 2018-ல் தயாரிப்பே நின்றது. காரணங்கள் பல இருக்கலாம். ஆனால் எங்கள் மாதிரி வீடுகளில் நாலு பேர் ஊருக்குப் போனால் கூடவே அரிசி மூட்டை, தேங்காய், பாத்திரம், ஒரு சேவல் என்று எல்லாம் வரும் என்பது என் பக்கத்து நியாயம்.

இப்போது இந்தப் பாடம் எங்கள் வீட்டுக்குள் வந்த கதை.

போன வருஷம் அப்பாவும் மார்க்கெட்டில் உள்ள இன்னும் மூன்று பேரும் சேர்ந்து ஒரு பழைய வண்டி வாங்க முடிவு செய்தார்கள். அப்பாவுக்குத் தோள்பட்டை விட்டுப்போச்சு, கைவண்டிக்கு வாடகையும் குறைஞ்சுபோச்சு. சித்தப்பாவிடம் லைசென்ஸ் இருந்தது. புரோக்கர் இரண்டு வண்டி காட்டினார். ஒன்று, முன் சக்கர இயக்கமுள்ள பழைய ஹேட்ச்பேக் கார். "பின் சீட்டைக் கழட்டிட்டா மூட்டை அடுக்கலாம்" என்றார். இன்னொன்று சரக்கு வேன். என்ஜின் முன் சீட்டுக்கு அடியில், ஓட்டுவது பின் சக்கரம். வேன் 15,000 ரூபாய் கூடுதல். நாலு வீட்டுப் பெண்களின் சீட்டுப் பணம் அது. அன்று ராத்திரி அப்பா என்னைக் கூப்பிட்டு, "நீதான் இதைப் படிக்கிறியே, எதை வாங்கலாம்னு சொல்லு" என்றார். எங்கள் வீட்டில் என் படிப்பிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி அது. அதற்கு மார்க் கிடையாது. பதில் தப்பினால் நாலு வீட்டு அடுப்பு!

காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். கார் 700 கிலோ என்று வைத்தால் முன் சக்கரத்தின் மேல் 420. பின் ஆக்ஸிலுக்கு மேல் 300 கிலோ தக்காளி ஏற்றினால் மொத்தம் 1000, ஆனால் முன்னால் அதே 420-தான். ஐந்துக்கு ஒன்று மேட்டில் 40 கிலோ பின்னால் ஓடிவிடும். மீதி 380. மழை நாளில் கோஸ் இலையும் அழுகிய தக்காளியும் மிதிபட்டுக் கிடக்கிற தரையில் உராய்வு எண் 0.4 என்றால் கிடைக்கும் இழுப்பு 152 கிலோ. மேடு கேட்பதோ ஏறக்குறைய 200. ஏறாது. வேன் 800 கிலோ, பாதிக்குப் பாதி. மூட்டை ஏறியதும் பின்னால் 700, மேட்டில் இன்னும் 44 சேரும். கிடைக்கும் தள்ளு ஏறக்குறைய 300 கிலோ. மேடு கேட்பது 220. ஏறும். காரைச் சரக்குக்கு ஓட்டினால் சட்டச் சிக்கல் வேறு.

அப்பா எண்களைப் பார்க்கவில்லை. "மேட்டுல பின்பாரம் நல்லதுங்கறியா? கைவண்டிக்கு அது எமனாச்சேடா!" என்றார்.

"கைவண்டில இழுக்கறது நீங்க, முன்னாடி இருக்கீங்க. வேன்ல தள்ளுறது பின் சக்கரம்ப்பா."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்ப எந்தச் சக்கரம் உழைக்குதோ அது மேல பாரம் இருக்கணும். அவ்வளவுதானே?" என்றார்.

அவ்வளவுதான். நாலு பெட்டிகளையும் ஒரே வரியில் அடக்கிவிட்டார்.

வேனின் குறைகளையும் மறைக்காமல் சொன்னேன். டிரைவர் காலுக்கு முன்னால் பானெட் இல்லை, மோதினால் முதலில் மாட்டுவது கால்தான். 1984-லிருந்து ஓடிய மாருதி ஆம்னி வேன் இந்த அமைப்புதான். புதிய மோதல் பாதுகாப்பு விதிகள் வந்தபோது 2019-ல் அதன் தயாரிப்பு நின்றது. வண்டி காலியாக இருக்கும்போது மழையில் பின்பக்கம் சறுக்கும், ஆக்ஸிலேட்டரை மெதுவாகத்தான் மிதிக்க வேண்டும். சித்தப்பா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். 15,000 ரூபாயைக் கூடக் கொடுத்து வேனை வாங்கினார்கள். ஐப்பசி மழையில் வடக்கு வாசல் மேட்டில் அது ஏறியது. தவணை இன்னும் முடியவில்லை.

நாலாவது பெட்டி போர் வீல் டிரைவ். எல்லாச் சக்கரமும் உழைப்பதால் மொத்தப் பாரமும் பிடிப்பாகிறது. ஜீப்பும் ஜிப்ஸியும் சேற்றில் ஏறுவது அப்படி. ஆனால் நடுவில் டிபரன்ஷியல் இல்லாத பார்ட் டைம் வகையைக் காய்ந்த தார் ரோட்டில் போர் வீலில் போட்டு ஓட்டாதீர்கள். வளைவில் முன் சக்கரமும் பின் சக்கரமும் வேறு வேறு தூரம் ஓடும், ஷாப்ட் முறுக்கிக்கொள்ளும். விலையும் எடையும் டீசல் செலவும் தனி.

இப்போது மின்சாரக் கார் வந்து பழைய கேள்வியைத் திரும்பவும் எழுப்பியிருக்கிறது. பேட்டரி தரைக்கு அடியில் படுத்துக்கொள்கிறது. மோட்டார் சின்னது, எந்த ஆக்ஸிலிலும் உட்காரும். 2020-ல் வந்த டாடா நெக்சான் மின்சாரக் காரில் மோட்டார் முன்னால். 2023-ல் வந்த எம்.ஜி. காமெட்டில் பின்னால். ஆக, பெட்டி வரைகிற வேலை இன்னும் முடியவில்லை. அடுத்த பெட்டியை வரையப் போகிறவர்கள் யார்?

நாம்தான் நண்பர்களே! நம்மில் பல பேருக்கு வீட்டில் சொந்தக் கார் கிடையாது. அதனால் என்ன? மூட்டையின் கனம் தெரியும், மேட்டின் சாய்வு தெரியும், நடுச் சீட்டில் காலை மடக்கி உட்கார்ந்தால் எப்படி இருக்கும் என்று தெரியும். நாளைக்கு ஏதோ ஒரு தொழிற்சாலையில் டிராயிங் போர்டுக்கோ கம்ப்யூட்டருக்கோ முன்னால் உட்காரும்போது, என்ஜினை எங்கே வைப்பது என்று கேட்பதற்கு முன்னால், இதில் யார் ஏறுவார்கள், என்ன கொண்டுவருவார்கள் என்று கேளுங்கள். அதைக் கேட்கிற தகுதி நமக்கு நிறையவே இருக்கிறது.

அதுவரை, பரீட்சையில் அந்தக் கேள்வி வந்தால் நாலு பெட்டியையும் ஸ்கேல் வைத்து ஒழுங்காக வரையுங்கள். மார்க்கும் முக்கியம்தானே!